பெரிய டாக்டருக்கும் ஒரு தூக்குக் கூழ்

1

காஞ்சிபுரத்தில் சின்னதாக ஒரு மாதப் பத்திரிகை நடத்தும் என் பள்ளித் தோழன் கடிதம் போட்டிருக்கிறான். "நீ கப்பல் ஏறி எட்டு வருசம் ஆவப்போவுது. சீமைக் கதை ஏதாச்சும் வேடிக்கையா எழுதி அனுப்பு. உன் கோணங்கித்தனம் இன்னா ஆச்சுன்னு இங்க எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க."

உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தால் நான் ஜோக் அடிப்பேன். பயமில்லாத பையன் என்று பெயர் வாங்கினேன். உண்மை நேர் எதிர். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு முதலில் ஜோக் வரும். வியர்வையும் கலக்கலும் பின்னாலேயே வரும், ஆனால் அதற்குள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பிக்கிறேன். எங்கே போய் நிற்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால்தான் மூன்று நாளாகப் பேனாவுக்கு மை போட்டுத் துடைத்து, மறுபடி மை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊர். எங்கே திரும்பினாலும் புகைபோக்கி. துணியை வெளியே காயப்போட்டால் எடுக்கும்போது அது வேறு நிறத் துணி. இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில், நெஞ்சைத் திறந்து நுரையீரலையும் இருதயத்தையும் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. சரிபார்ப்பவன் நானல்ல. நான் மயக்க மருந்து டாக்டர். சர்ஜன் நெஞ்சருகே நின்று பேர் வாங்குவார். நான் தலைமாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கறுப்பு ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நோயாளிக்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். மூன்று மணி நேரம் இன்னொருவருடைய மூச்சை விடுவது என்றால் சாதாரணமில்லை. நடுவில் என் மூச்சை விட மறந்துவிடுகிறேன். ஒரு தடவை நர்ஸ் என் முதுகில் தட்டி, "டாக்டர், நீங்களும்" என்றாள்.

நோயாளியின் நாடி தடுமாறினால் என் வாயில் இங்கிலீஷ் நிற்காது. "ஐயோ" என்று வந்துவிடும். இந்த ஆஸ்பத்திரியில் நான்கு நர்ஸுகளுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் தெரியும். தட்டு கீழே விழுந்தால்கூட "ஐயோ" என்கிறார்கள், அதுவும் சரியான இழுப்போடு.

என் பெயரை முழுதாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. முதல் நாளே ஆபீஸ் அம்மாள் அதில் பாதியை ஒரு கோடு போட்டு வெட்டி, மீதியைப் பலகையில் எழுதிவிட்டாள். மீதியும் நான்தான் என்று பழகிக்கொண்டேன்.

3

போன செவ்வாய்க்கிழமை நடந்தது இது.

மிஸஸ் கார்டர் என்று ஒரு நெசவு மில் தொழிலாளி. ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிட்டது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த ஆபரேஷனுக்காக ஏழு மாதம் காத்திருந்தவள்.

மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மயங்கியவுடன் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். எல்லா மயக்க டாக்டரும் ஒரு தடவை கேட்பார்கள்: ஏதாவது சாப்பிட்டீர்களா? நான் மூன்று தடவை கேட்பேன். வார்டில் ஒன்று, தள்ளுவண்டியில் ஒன்று, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று. இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் இந்தக் கட்டடத்தில் கிடையாது.

மூன்றாவது தடவை கேட்டபோது மிஸஸ் கார்டருக்கு அலுத்துவிட்டது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னாள்: "ஆமாம் டாக்டர். முட்டை, பன்றி இறைச்சி, ரொட்டி, எல்லாம் முடித்தாயிற்று. பெரிய டாக்டருக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன்."

பக்கத்திலிருந்த நர்ஸ் குலுங்கிச் சிரித்தாள். தள்ளுவண்டிக்காரரும் சிரித்தார்.

ஊசியைத் தட்டில் வைத்தேன். வைத்தேன் என்று சொல்வது கௌரவத்துக்கு, அது விழுந்தது. "ஆபரேஷன் இன்றைக்கு இல்லை. வார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றேன்.

"டாக்டர், அவர் விளையாட்டுக்குச் சொன்னார்" என்றாள் நர்ஸ்.

"தெரியும்" என்றேன். தெரியத்தான் தெரிந்தது. காலையிலிருந்து அவள் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை என்று வார்டு சிஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மிஸஸ் கார்டர் எழுந்து உட்கார முயன்று, மூச்சு இரைக்க, "நான் சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன்" என்று என் கையைப் பிடித்தாள். ஏழு மாதம் காத்திருந்தவளை ஒரு ஜோக்குக்காகத் திருப்பி அனுப்பினேன். வாழ்நாளெல்லாம் ஜோக் அடித்துப் பிழைத்த நான்.

சர்ஜன் கை கழுவும் இடத்திலிருந்து வந்தார். நம் ஊரில் கோபம் வந்தால் குரல் ஏறும். இங்கே இறங்கும். அன்றைக்கு அவர் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து ஒரு பாரம் வந்தது. ஆபரேஷன் ரத்தானதற்குக் காரணம் எழுத வேண்டும். அதற்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

4

மூன்று வரியில் அடங்காததால் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் மதராஸில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இளைய மயக்க டாக்டர். நெஞ்சு ஆபரேஷன் அங்கே அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. துடிக்கிற இருதயத்துக்குள் சர்ஜன் விரலை விட்டு, சுருங்கிய வால்வைப் பிரித்துவிடுவார். பிழைத்தவர்கள் மூன்றாம் வாரம் படியேறிக் காட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள். ஜில்லா ஜில்லாவாக ஆட்கள் வந்து வராந்தாவில் படுத்துக் கிடந்தார்கள்.

அப்படி வந்தவள் கன்னியம்மா. வயது இருபத்திரண்டு. பிறந்த ஊர் கூரம், வாழ்க்கைப்பட்டது மாகறலில். புருஷன் பெயர் ஏகாம்பரம். மாகறலில் செய்யாற்றை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏகாம்பரத்தின் அப்பா அதில் கூலி வேலை செய்தார், பிறகு ஏகாம்பரம் செய்தான். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. என் அப்பா அவனுக்குப் பெரிய நைனா, நான் சின்ன நைனா. என்னைவிட நாலு வயது மூத்தவன். நான் அவனை "டேய்" என்பேன். அது எனக்கு அப்போது காதில் விழுந்ததே இல்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் வார்டுக்குப் போனேன். கன்னியம்மா கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை அஞ்சலையைக் கூரத்தில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டிலுக்கு ஒருபுறம் ஏகாம்பரம், மறுபுறம் கன்னியம்மாவின் அண்ணன்.

எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் உதறல். அதற்கு முந்தின வாரம்தான் இதே ஆபரேஷனில் மேஜை மேலேயே ஒருவர் போயிருந்தார். இப்போது ஊர்க்காரி. ஏதாவது ஆனால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த நேரத்தில் எனக்கு என்ன வரும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கன்னியம்மாவின் அண்ணன் பீடி பிடிக்க வெளியே போனான். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "இன்னா நைனா, அந்த நர்சம்மா நாளிக்குக் காலீல ஒண்ணுமே குடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. தண்ணி கூடவா?"

"தண்ணி கூட."

"நாத்து நடப் போறவளுக்கே ரெண்டு சொம்பு கூழு ஊத்திதான் அனுப்புறோம். நெஞ்சத் தொறக்கறாங்கோ. வெறும் வவுத்தோட எப்டி நைனா தாங்குவா?"

இதற்கு ஒழுங்கான பதில் இருந்தது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, மயங்கியவர் தொண்டையில் என்ன நடக்கும் என்று சொன்னால் போதும். அவன் மண்டையில் ஏறாத விஷயமல்ல. ஏரி மதகை எத்தனை விரல் தூக்கினால் எத்தனை வயல் பாயும் என்று கணக்குச் சொல்கிறவன். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் நடுங்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஆமாண்டா ஏகாம்பரம், நீ சொல்றதுதான் கரெக்ட்" என்றேன். "காலைல ரெண்டு தூக்குல கூழு கொண்டா. ஒண்ணு அவளுக்கு. ஒண்ணு பெரிய டாக்டருக்கு. வெறும் வயித்தோட அறுத்தா அவருக்குக் கை நடுங்கும்."

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்தாள். மூச்சு போதாததால் அவள் சிரிப்பு துண்டு துண்டாக வந்தது. ஏகாம்பரம் சிரித்த மாதிரிதான் எனக்கு இருந்தது. நான் நல்ல பேரோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இப்போது யோசித்தால் அவன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினான். எங்கள் வீட்டு வாசலில் நின்று, எந்த வயலுக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஆட்டும் அதே தலையாட்டல். அவனிடம் அதுவரை எங்கள் வீட்டார் யாரும் விளையாடிப் பேசியது கிடையாது. நாங்கள் வாயைத் திறந்தால் அது வேலை. வேலையைக் கேட்டுக்கொண்டு போய்ச் செய்வான், அவ்வளவுதான்.

5

மறுநாள் காலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடிசையில் இருந்த தன் அக்கா வீட்டிலிருந்து ஏகாம்பரம் விடிந்ததும் வந்திருக்கிறான். நர்ஸ் அடுத்த வார்டில் இருந்த நேரம். அவன் ஒன்றும் ஒளிந்து வரவில்லை. நேரே கட்டிலுக்கு வந்து கன்னியம்மாவுக்குக் கூழ் கொடுத்திருக்கிறான். பயத்தில் அவளுக்கு இறங்கவில்லையாம். "டாக்டரு நைனா சொல்லிக்கீறாரு, குடி" என்று அவன் சொன்னதைப் பக்கத்துக் கட்டில்காரி பிற்பாடு என்னிடம் தனியாகச் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் நான் கன்னியம்மாவைக் கேட்கவில்லை. நர்ஸைத்தான் கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லை என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது என்றாள். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். கன்னியம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள், ஊர் ஆள் தலைமாட்டில் இருக்கிறான் என்று.

ஊசி போட்டேன். உடம்பு தளர்வதற்கு இன்னொரு ஊசி. மூச்சுக்கான குழாயை நுழைக்க அவள் வாயைத் திறந்தேன். தொண்டை நிரம்பிக் கூழ் ஏறி வந்தது.

கேழ்வரகின் நிறம் எனக்குத் தெரியாதா? மேஜையின் தலைப்பக்கத்தை இறக்கினேன், முகத்தைத் திருப்பினேன், உறிஞ்சும் குழாயை விட்டேன். ஒரு வெங்காயத் துண்டு அதில் போய் அடைத்துக்கொண்டது. அதை எடுத்துப் போட்டு மறுபடி விடுவதற்குள் முகம் நீலம் பாரித்துவிட்டது. ரப்பர் பையை அமுக்குகிறேன், கருங்கல்லை அமுக்குவது போல் இருக்கிறது. நாடி நின்றது. சர்ஜன் நெஞ்சைத் திறந்து இருதயத்தைக் கையால் பிசைந்தார். கத்தி பட்டதே அப்போதுதான். வால்வு வரைக்கும் யாரும் போகவில்லை.

வெளியே வந்தேன். தியேட்டர் வராந்தாவில் ஏகாம்பரம் தனியாக நின்றுகொண்டிருந்தான். கையில், துணியால் வாயைக் கட்டிய தூக்கு.

"நைனா, பெரிய டாக்டரு வெளிய வரவே இல்ல. எப்டி உள்ள அனுப்புறதுன்னும் தெரீல. வெயிலு ஏறிக்கினே போவுது, கூழு ரொம்பப் புளிச்சுடும்."

எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

தூக்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டாக்டர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்; இப்போது எழுத வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தூக்கைக் கழுவி, துணியையும் கழுவிப் பிழிந்து, வெளியே வந்து அவன் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன், கன்னியம்மா போய்விட்டாள் என்று.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் தூக்கு, பிறகு சாவு.

கட்டிலடியில் இருந்த முதல் தூக்கை வார்டு நர்ஸ் கண்டெடுத்தாள். வராந்தா அதிரக் கத்தினாள்: "அறிவிருக்காய்யா உனக்கு? படிச்சுப் படிச்சு சொன்னேனே! கூழ ஊத்திக் கொன்னுட்டியே!" கன்னியம்மாவின் அண்ணன் ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தான். "என் தங்கச்சியக் கொன்னுட்டியேடா! சொல்றா, யாரு சொல்லிக் குடுத்த?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். கையில் கழுவிய தூக்கு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல" என்றான். "பசிக்குமேன்னு நான்தான் குடுத்தேன்."

விசாரணைக் காகிதத்தில், ஆஸ்பத்திரி உத்தரவை மீறிப் புருஷன் உணவு கொடுத்ததால் மரணம் என்று எழுதினார்கள். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். அன்று முழுவதும் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அடுத்த வருஷம் கப்பலில் இடம் கிடைத்தது. மேல்படிப்புக்காகப் போகிறான் என்று ஊரில் மாலை போட்டார்கள்.

6

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். பள்ளியிலிருந்து வந்ததும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "அப்பா, போலீஸ்காரர் மாதிரிக் கேட்காதீர்கள்" என்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அந்தக் கேள்வியை மற்ற தகப்பன்மார் கேட்பது போல் கேட்க எனக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்தப் பாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டிப் படித்தாள்.

"அந்த லேடி ஜோக்தானே அடித்தார்கள்? நீங்கள் ஏன் சிரிக்கவில்லை? நீங்கள்தான் எல்லாவற்றுக்கும் ஜோக் அடிப்பீர்களே."

சொன்னேன். முதல் தடவையாக ஓர் ஆளிடம் முழுதாகச் சொன்னேன். கூழ் என்றால் என்ன என்று நடுவில் கேட்டாள். தூக்கு என்றால் என்ன என்று கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் குட்டிப் பெண் இப்போது எங்கே?" என்றாள்.

அஞ்சலை கூரத்தில் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். இவளைவிட ஒரு மாதம் மூத்தவள். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பியின் கடிதங்களில் அவ்வப்போது ஒரு வரி வரும். ஏகாம்பரத்தை அந்த வீட்டு வாசலில் ஏற்றுவதில்லை. பெண்டாட்டியைக் கூழ் கொடுத்துக் கொன்றவன் என்றுதான் இரண்டு ஊரிலும் அவனுக்குப் பேர். வருஷத்துக்கு ஒரு தடவை கூரத்துத் திருவிழாவுக்குப் போய், கூட்டத்தில் தூரமாக நின்று மகளைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்புகிறானாம். அது தன் அப்பா என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு தடவை தம்பி அவனிடம், "உத்தரவை மீறி ஏண்டா குடுத்த?" என்று கேட்டதற்கு, "குடுத்த கை என்னுதுதானே" என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கக் குனிந்துவிட்டானாம். தம்பிக்கும் இன்று வரை விஷயம் தெரியாது.

"அந்தப் பெண்ணிடம் யாருமே சொல்லவில்லையா?" என்றாள் மகள்.

"இல்லை."

"ஓ" என்றாள். பிறகு டெலிவிஷனில் அவள் நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது, எழுந்து போய்விட்டாள்.

பாரத்தில் மூன்று வரிக்கு ஒரு வரிதான் எழுதினேன்: மயக்க மருந்து டாக்டருக்குப் பயம் வந்துவிட்டது. சர்ஜன் படித்துவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். மிஸஸ் கார்டருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி நாள் குறித்திருக்கிறார்கள். வார்டைக் கடக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன் டாக்டர்" என்றாள். அவளிடமிருந்த ஒரே மருந்தையும் பிடுங்கிக்கொண்டேன் போலிருக்கிறது.

7

தோழா, நீ கேட்ட வேடிக்கை முதல் இரண்டு பகுதியில் இருக்கிறது. இடம் போதாவிட்டால் அதை வெட்டிவிடு. இதை வெட்டாதே. என் பெயரை முழுதாகப் போடு, இங்கே வெட்டியது போல் பாதியாக வேண்டாம். மதராஸ் ஆஸ்பத்திரிக்கும் தனியாக எழுதிவிட்டேன், அந்த விசாரணைக் காகிதத்தில் இருப்பது பொய், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று. அவர்கள் என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு மூன்று தடவை கழிப்பறைக்குப் போனேன்.

இதைப் படிக்கிறவர்களில் கூரத்துக்காரர்கள் இருந்தால், கன்னியம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போய், அஞ்சலையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஏகாம்பரம் உத்தரவை மீறவில்லை. உத்தரவு போட்டவன் நான். சாட்சி கேட்டால், அன்று அவன் இரண்டு தூக்கு கொண்டுவந்தான் என்று சொல்லுங்கள். திருட்டுத்தனமாகக் கொடுக்கிறவன் பெரிய டாக்டருக்கும் சேர்த்துக் கொண்டுவந்து, தியேட்டர் வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்க மாட்டான்.

அந்த இரண்டாவது தூக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு முதலில் கை கழுவும் தொட்டியில் கொட்டத்தான் போனேன். கொட்டினால் நிறம் ஒட்டிக்கொள்ளும், வெங்காயம் அடைத்துக்கொள்ளும், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். கவுனில் அவள் தொண்டையிலிருந்து வந்த கூழ் இன்னும் காயவில்லை. அதே கவுனோடு, நின்ற இடத்திலேயே, தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

மோர் விட்டுக் கரைத்திருந்தான். பெரிய டாக்டருக்கு என்பதால் வெங்காயத்தை இன்னும் பொடிசாக நறுக்கியிருந்தான். உப்பு சரியாக இருந்தது.